பூரணியின் தண்ணீரும் நிரந்தரக் குழுவும்

பாசிக்கல் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பரா ஒன்றுக்குள் காலெடுத்து வைத்தது ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கு அவர் நல்லமுத்துவின் வாசலில் குனிந்து, நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு, உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். பார்த்தவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

செத்துப்போன மகளுக்குத்தான் மரியாதை செய்கிறார் என்று காளியாயி நினைத்தாள். உயிரோடு இருந்தவர்களுக்கே கழலாத தொப்பி அது. "எம்மவளுக்கு இந்தப் பாக்கியமாவது கெடச்சுச்சே சாமி" என்று துரையின் காலடியில் விழுந்து அழுதாள். துரை அவளைத் தாண்டிக்கொண்டு மூலைக்குப் போனார். தண்ணீர்ச் செம்பின் விளிம்பில் உட்கார்ந்திருந்த பூச்சிக்காகத்தான் தொப்பி கழன்றது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

காளியாயியின் மகள் பூரணி, நல்லமுத்துவின் மனைவி. கல்யாணமாகி இரண்டாவது மழைக்காலம். காய்ச்சல் என்று படுத்தாள். பொகவந்தலாவைப் பக்கத்து அந்தத் தோட்டத்திலிருந்து, ஹட்டன் பாதையிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைக் கேட்டார்கள். லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேசனுக்குப் போயிருந்தது. திரும்பி வந்ததும் கேட்டார்கள். கழுவ வேண்டும் என்றார்கள். கழுவி முடிந்ததும் கேட்டார்கள். கழுவிய லொறியில் நோயாளியை ஏற்ற முடியாது என்றார்கள். அவளைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு பாதி வழி போனார்கள். பாதி வழியிலேயே திரும்பினார்கள்.

செத்தவர் படுத்திருந்த இடத்தில் ஒரு விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைப்பது இவர்கள் வழக்கம். போன உயிர் பதினாறு நாள் வாசலையே சுற்றிக்கொண்டிருக்குமாம். அதற்குத் தாகம் எடுக்கும். வந்து குடிக்கும். செம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் குடித்துவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். குறைந்ததை ஊற்றி நிரப்ப வேண்டும். பதினாறாம் நாள் கருமாதி செய்து, அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் ஓடையில் விட்டு, விளக்கைக் குளிர வைத்தால்தான் போகிறவளுக்கு வழி திறக்கும். அதுவரை அவள் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

நல்லமுத்து ஹட்டனில் நாலு எழுத்துப் படித்தவன். தேயிலை ஸ்டோரில் கொழுந்து நிறுக்கிறவன். இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் செம்பைப் பார்த்தான்.

அவன் எப்போது வேலைக்கு வருகிறான் என்று கேட்கத்தான் பெரிய கிளாக்கர் சூசைரட்ணம் வந்தார். விளிம்பில் இருந்த பூச்சி அவர் கண்ணில் பட்டது. நகக்கண் அளவு. வெள்ளைச் சிறகு, பழுப்புக் கோடு, ஓரத்தில் ஊசிமுனையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். துரை பூச்சி சேர்க்கிறவர். அவர் வேலை பார்க்கும் கந்தோரின் சுவரில், கிடைக்காத பூச்சிகளின் படங்கள் தேடப்படும் திருடர்கள் மாதிரி வரிசையாகத் தொங்கும். அதில் நடுநாயகமாகத் தொங்கியது இதுதான். சூசைரட்ணம் வந்த காரியத்தை மறந்து பங்களாவுக்கு ஓடினார்.

அந்தப் பூச்சியின் கதை இவ்வளவுதான். தேயிலை வருவதற்கு முன், காப்பிக் காலத்தில், ஒரு துரை அதைப் பிடித்து ஊசி குத்தி லண்டனுக்கு அனுப்பினார். அதற்குப் பின் கண்டவர் இல்லை. அதன் சொந்தபந்தமெல்லாம் தண்ணீர்ச் சாதி. அவற்றின் புழுக்கள் ஓடைக் கல்லிலும் குளத்து இலைக்கடியிலும், நீருக்குள்ளேயே மூச்சுவிட்டு வளர்கின்றன. இதன் புழுவை மட்டும் மனிதர் எவரும் பார்த்ததில்லை. உறவுக்காரர்களைப் போல இதுவும் நீரில்தான் வளர்கிறதா, அல்லது உறவை முறித்துக்கொண்டு நிலத்துக்கு வந்துவிட்டதா? இந்தக் கேள்விக்காகவே கொழும்பில் ஒரு நிரந்தரக் குழு இருந்தது. அதில் நீர்ப் பிரிவுக்கு ஓர் உறுப்பினர், நிலப் பிரிவுக்கு ஓர் உறுப்பினர், இருவரையும் சமமாகப் பாராட்ட ஒரு தலைவர். குழுவிடம் கார் இருந்தது, கடிதத்தாள் இருந்தது. பூச்சிதான் இல்லை.

துரை தந்தி அடித்தார்.

குழு வந்து இறங்கிய நாள், கருமாதி நாள். பந்தல் போட்டாயிற்று. பண்டாரம் பழனியாண்டி செம்பின் கழுத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நல்லமுத்து ஈர வேட்டியோடு அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் குனிந்தான்.

"நில்!"

அந்தக் குரல் தலைவர் டொக்டர் குணநாயகத்துடையது. உயரமான மனிதர். வெள்ளைக் காற்சட்டை. தமிழர்தான், ஆனால் தமிழை வெளிநாட்டு விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் பீங்கான் மாதிரி, துடைத்துத் துடைத்து எடுத்துப் பேசுவார்.

"சகோதரரே, உமது துயரத்தில் குழு பங்கு கொள்கிறது. இது கூட்டக் குறிப்பிலும் பதிவாகும். ஆனால் யோசித்துப் பாரும். மரணம் எல்லோர் வீட்டுக்கும் வருகிறது. இந்தப் பூச்சி எல்லோர் வீட்டுக்கும் வருவதில்லை."

நல்லமுத்து செம்பிலிருந்து கையை எடுத்தான். "ஆமாங்க" என்றான்.

"அது இந்த நீரில் முட்டையிட்டிருக்கலாம்" என்றார் நீர்ப் பிரிவு உறுப்பினர். அவர் ஒல்லி, எந்நேரமும் சளி பிடித்தவர்.

"கூரைத் தகரத்துப் பாசியிலிருந்து வந்து, வெளிச்சத்துக்காகத் தற்செயலாக உட்கார்ந்திருக்கலாம்" என்றார் நிலப் பிரிவு உறுப்பினர். அவர் குண்டு, அடுத்தவர் சளிக்கு மருந்து சொல்ல மாட்டார்.

"ஆகவே இந்த நீரை இப்போது அகற்றுவது அறிவியலுக்கு எதிரான குற்றம்" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

பண்டாரம் நூலைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஐயா, நேரம் தவறிருங்களே. இன்னைக்கு அனுப்பலைன்னா அந்தப் புள்ள எங்க போகும்?"

"எங்கும் போக வேண்டியதில்லை. இங்கேயே இருக்கட்டும்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "விளக்கும் அணையக்கூடாது. எண்ணெய் குழுவின் செலவு."

இதைக் கேட்டுக் காளியாயி எழுந்தாள். "எண்ணெயா? சாமி, போறதுக்கு முன்னால ஒரு லொறி கேட்டோம். அத குடுத்திருந்தா இந்த எண்ணெய் மிச்சமாயிருக்குமே."

தலைவர் சூசைரட்ணத்தைப் பார்த்தார். தலைவருக்குத் தமிழ் தெரியும். இந்தத் தமிழ் தெரியாது. சூசைரட்ணம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எண்ணெய்க்கு நன்றி சொல்கிறாள் சேர்" என்றார்.

மறுநாள் சாமான்கள் வந்தன. கண்ணாடிக் குழாய்கள், வெப்பமானி, வலைகள், மடக்கு நாற்காலிகள். எல்லாவற்றையும் லயத்து வாசல் வரைக்கும் தோட்டத்து லொறியே கொண்டுவந்தது. லொறி லயம் வரைக்கும் வரும் என்பதே சனங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. நல்லமுத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று அதைப் பார்த்தான். சாரதி அவனைப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

செம்பைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினார்கள். நல்லமுத்து 'தற்காலிக விளக்குப் பராமரிப்பாளர்' என்று நியமிக்கப்பட்டான். விதிகளைச் சூசைரட்ணம் வாசித்துக் காட்டினார். காம்பராவில் அடுப்பு மூட்டக்கூடாது. புகை பூச்சிக்கு ஆகாது. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது, வாசம் ஆகாது. ஒப்பாரி வைக்கலாம், ஆனால் தாழ்ந்த குரலில். அதிர்ச்சி முட்டைக்கு ஆகாது.

"மாரடிக்கலாமாங்க?" என்று காளியாயி கேட்டாள்.

சூசைரட்ணம் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. வெளிய போய் அடிச்சுக்க ஆத்தா."

அவளும் மருமகனும் இஸ்தோப்பில் சமைத்து, இஸ்தோப்பில் படுத்தார்கள். உள்ளே பூச்சிக்காக விளக்கு எரிந்தது. பூச்சி, வருகிற அன்று வரும், வராத அன்று வராது. வந்தால் விளிம்பில் உட்கார்ந்து, சிறகைக் கூரை மாதிரி மடக்கிக்கொள்ளும். நீர்க்காரரும் நிலக்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் குந்தியிருப்பார்கள். அது வாலை நீர்ப்பக்கம் திருப்பினால் ஒருவர் முகம் மலரும். சுவர்ப்பக்கம் திருப்பினால் மற்றவர் முகம். பெரும்பாலும் அது எந்தப் பக்கமும் திரும்பாது.

பிறகு இந்தப் பூச்சி எந்த நாட்டுப் பூச்சி என்ற பிரச்சினை எழுந்தது. உள்நாட்டுப் பூச்சி என்றால்தான் குழுவுக்குப் பெருமை. கண்டுபிடித்தவர் யார் என்று அறிக்கையில் எழுத வேண்டும் என்று நல்லமுத்துவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"பிரஜையா?"

"மனுப் போட்டோம்ங்க. தள்ளிட்டாங்க."

"எங்கே பிறந்தீர்?"

"இந்த லயத்துலதாங்க. அடுத்த காம்பராவுல."

"தகப்பனார்?"

"அவரும் இந்தத் தோட்டத்துலதான்னு சொல்வாங்க. எழுதி வைக்கலைங்க."

தலைவர் வருத்தத்தோடு பேனாவை மூடினார். "நாடற்றவரின் கண் சாட்சியை ஒரு தேசியப் பூச்சிக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது." துரையின் சாட்சியத்தை ஏற்கலாமா என்று பார்த்தார்கள். அவர் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர், எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் கண்டுபிடித்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அவருக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒரு வழி கண்டார்கள். அறிக்கையில், 'இவ்வரிய உயிரினம் ஒரு விளக்கினால் கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதினார்கள். யாருடைய விளக்கு, எதற்காக ஏற்றியது என்பதெல்லாம் பொருத்தமற்ற விவரம் என்று நீக்கப்பட்டது. பூச்சி ஏகமனதாக இலங்கைப் பூச்சி ஆயிற்று.

அடுத்தது உப்பு.

செம்புத் தண்ணீரைத் துளித்துளியாக எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதித்ததில், அதில் உப்பு இருக்கிறது என்று தெரிந்தது. நீர்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடைத் தண்ணீரில் ஏது உப்பு? பூச்சியே கொண்டுவந்திருக்க வேண்டும். அப்படியானால் இதன் முன்னோர் ஆற்றிலும் குளத்திலும் அல்ல, கடலிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். மலை உச்சியில் ஒரு கடற்பூச்சி! அவர் உடனே ஒரு கட்டுரை எழுதி, அதை மெய்ப்பிக்க ஓர் உபகுழுவும் அமைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். போட்டிக்கு ஆள் வேண்டும் என்பதால் நிலக்காரரும் போனார். இருவரும் ஒரு மாதம் கழித்து, நன்றாகக் கறுத்துத் திரும்பி வந்தார்கள். கடற்கரையில் பூச்சி இல்லை. ஆனால் காற்று நல்ல காற்று என்று ஒத்துக்கொண்டார்கள்.

அந்த இடைவெளியில் காளியாயி கயிற்றுக்குள் கை நீட்டிச் செம்பைத் துடைத்துக்கொண்டிருந்ததைச் சூசைரட்ணம் பார்த்துவிட்டார். அவள் செம்பின் மேலே குனிந்து அழுதுகொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்தே தினமும் அப்படித்தான் அழுதிருக்கிறாள்.

உறுப்பினர்கள் திரும்பியதும் குழு அவசரமாகக் கூடியது. "நீர் அழுதீரா அம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"அழாம என்ன சாமி செய்வேன். பெத்த வயிறு."

"செம்புக்குள்ளா?"

"அதுக்குள்ளதான சாமி அவ வர்றா."

நீர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடலிலிருந்து வந்த முன்னோர் எல்லோரும் அந்த நிமிஷமே செத்தார்கள். அவருடைய இழப்புக்காகக் குழு ஒரு நிமிடம் மௌனம் காத்தது.

"கணவரும் அழுதாரா?"

எல்லோரும் நல்லமுத்துவைப் பார்த்தார்கள். பூரணி போனதிலிருந்து அவன் அழவில்லை. தூக்கி வந்தபோது அழவில்லை. மண் போட்டபோதும் அழவில்லை. லயத்தில் அதற்கு ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "இல்லைங்க" என்றான்.

'கணவரிடம் உப்பு இல்லை' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து காளியாயி செம்பை விட்டு ஆறடி தள்ளி நின்று அழ வேண்டும் என்று விதி வந்தது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கிழவி அந்தக் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு உறுப்பினர்களும் முறைபோட்டுக்கொண்டு கோட்டைக் காவல் காத்தார்கள்.

மழை போய் வெயில் வந்தது. தை பிறந்தது. கருமாதி முடியாத தீட்டு பங்காளி வீடுகளுக்கும் உண்டு. அதனால் பங்காளி வீடுகளில் பொங்கப்பானை ஏறவில்லை. நல்லமுத்துவின் சித்தப்பா இராமையா, மகளுக்குப் பரிசம் போட்டு வைத்திருந்தவர், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, பொஞ்சாதிய அனுப்பி வைக்கிற உத்தேசம் இருக்கா இல்லியா? எம்மவ கல்யாணம் ஒம் பூச்சிக்காகக் காத்துக் கெடக்குது. மாப்பிள்ள வீட்ல கேக்குறான், பொண்ணுக்குக் கொறையா இல்ல பூச்சிக்குக் கொறையான்னு."

"நான் என்ன சித்தப்பா செய்ய? கயிறு கட்டி வச்சிருக்காங்க."

"அறுத்துட்டுப் போடா. ஒரு செம்புத் தண்ணி. ஓடை என்ன ஓடியா போகுது?"

"ஓடித்தான் போகுது" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இராமையாவும் சிரித்துவிட்டார். நல்லமுத்து சிரிக்கவில்லை.

கயிற்றை அறுக்க அவனுக்குக் கை இல்லாமல் இல்லை. யாரிடமும் சொல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. காலையில் உள்ளே போய்ப் பார்க்கும்போது செம்பில் ஒரு விரல்கடை குறைந்திருக்கும். ஆவியாகிறது என்று நிலக்காரர் சொன்னார்; கணக்குப் போட்டும் காட்டினார். கணக்கு சரிதான். ஆனாலும் குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்பும் அந்த நேரத்தில், நல்லமுத்து ஒரு வீட்டில் மனைவிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் புருஷனாக இருந்தான். பதினாறு நாளில் பிடுங்கிக்கொள்ள வேண்டியதை அரசாங்கம் மாதக்கணக்கில் நீட்டிக் கொடுத்திருந்தது. குழுவை அவன் வெறுத்தான். அது கலைந்துவிடக் கூடாது என்றும் பயந்தான்.

காளியாயிக்கு அந்தப் பயம் இல்லை. அவளுக்கு ஒரே கவலைதான். "வாசல்லயே நிக்கிறாடா" என்பாள். "குளிர்ல நிக்கிறா. உள்ளயும் வர முடியல, போகவும் முடியல. பெத்தவளுக்குத் தெரியாதா? நீ வச்சுக்கிட்டு இருக்கேன்னு நெனைக்கிற. அவ காலு கடுத்துப்போய் நிக்கிறாடா."

அதற்குப் பிறகு நல்லமுத்துவால் செம்பைப் பழையபடி பார்க்க முடியவில்லை. அவன் குழுவிடம் போய், தண்ணீரை விட அனுமதி கேட்டான். பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

அனுமதி வந்தது அவன் கேட்டதற்காக அல்ல. தலைவருக்கு நத்தைகள் பற்றிய உயர்மட்டக் குழுவில் பதவி கிடைத்தது. பழைய குழுவை முடித்தால்தான் புதியதில் அமரலாம். முடிவுரை எழுத உட்கார்ந்தார்கள். பூச்சி நீரில் வளர்வதற்கும் ஆதாரம் இல்லை, நிலத்தில் வளர்வதற்கும் ஆதாரம் இல்லை. கடைசியாகச் செம்பின் அடிவரை சலித்துப் பார்த்தார்கள். முட்டை இல்லை, புழு இல்லை. பூச்சியும் தையோடு வருவதை நிறுத்திக்கொண்டது. ஆகவே, ஆய்வு செய்யப்பட்ட நீரை இயற்கையிடமே திருப்பி ஒப்படைக்கும் விழா ஒன்று நடத்தித் தலைவரே அதைத் திருக்கரத்தால் ஓடையில் விடுவது என்று தீர்மானித்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் நல்லமுத்து தலைவரைப் பார்க்கப் பங்களாவுக்குப் போனான். புல்வெளியில் நாற்காலி போட்டு அவர் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"ஐயா, தண்ணிய நான் விடணும்ங்க. புருசன்தான் விடணும். அது முறை."

"நிகழ்ச்சிநிரல் அச்சாகிவிட்டதே" என்றார் தலைவர். உண்மையாகவே வருந்தினார். "உமது பெயருக்கு இடம் இருந்திருந்தால் போட்டிருப்போம்."

நல்லமுத்து இன்னும் ஓரடி கிட்டே போனான். "அப்ப ஐயாவே விடுங்க. ஒண்ணே ஒண்ணு. தண்ணிய விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம நடந்து வந்துரணும்ங்க. திரும்பிப் பாத்தா அவ போக மாட்டா. யாரு பாக்குறாங்களோ அவங்க பின்னாலயே வந்துருவா."

தலைவர் அவன் தோளில் கை வைத்தார். "கவலையை விடும். முப்பது வருட அரச சேவையில் நான் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்த்ததில்லை."

ஓடைக்கரையில் தோரணமும் சுற்றிலும் கயிறும் கட்டியிருந்தார்கள். ஹட்டனிலிருந்து பேண்ட் வாத்தியம் வந்தது. வர முடியாத பெரியவர்களின் வாழ்த்துச் செய்திகள் வாசிக்கப்பட்டன; வந்திருந்தால் இவ்வளவு நீளமாகப் பேசியிருக்க மாட்டார்கள். லயத்துச் சனங்கள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். நல்லமுத்துவும் காளியாயியும் வெளியேதான். உள்ளே செம்பு, வெள்ளைத் துணி விரித்த மேசையில் இருந்தது.

தலைவர் பேசினார்: "பெரியோர்களே! இந்தச் செம்பில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை! நாங்கள் இங்கே வந்தபோது இதில் ஒன்றும் இல்லை என்பது யாருக்காவது தெரியுமா? தெரியாது! இன்று உலகமே தெரிந்துகொண்டது. இரவு பகல் பாராத உழைப்பினால், இதில் ஒன்றும் இல்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கிறோம். வேறு எந்த நாட்டிலாவது ஒரு செம்பைப் பற்றி இவ்வளவு தெரியுமா? இந்த வெற்றி என்னுடையது அல்ல. நீர்ப் பிரிவுக்கும் நிலப் பிரிவுக்கும் சமமாக உரியது. ஏழைகளாகிய உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் பொறுத்திருந்தீர்கள். பொறுத்திருப்பது உங்கள் இனத்துக்கு இயல்பாகவே வருகிறது. அதைக் கைவிட்டுவிடாதீர்கள்."

கை தட்டினார்கள். தலைவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓடையில் கால் வைத்தார். செம்பைச் சரித்தார். தண்ணீர் தண்ணீரோடு போயிற்று. எவ்வளவு காலம் காத்திருந்தது, எவ்வளவு சீக்கிரம் போய்விட்டது என்று நல்லமுத்து பார்த்துக்கொண்டே நின்றான்.

தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஓடைக்கு முதுகு காட்டி, நிமிர்ந்த தலையோடு கரையேறி நடந்தார். ஒரு பண்டாரம் கூட அவ்வளவு பக்தியாக நடந்திருக்க மாட்டார். அவர்மேல் நல்லமுத்துவுக்கு முதல்முறையாக ஒரு நன்றி ஊறியது.

"சேர்! சேர், ஒரு நிமிஷம்!" என்று பத்திரிகைப் படக்காரர் கத்தினார். "ஓடையும் படத்துல வரணும் சேர்!"

தலைவர் திரும்பி ஓடையைப் பார்த்துச் சிரித்தார். பல்பு எரியவில்லை. இன்னொரு தடவை திரும்பினார். இந்தத் தடவை ஓடையைப் பார்த்துக் கையும் அசைத்தார்.

காளியாயி அழவில்லை. நல்லமுத்துவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டாடா. அந்தாளு பின்னாலயே போயிட்டா."

"கொழும்புக்கா?"

"வேற எங்க? அங்க யாரைத் தெரியும் அவளுக்கு? பாசையும் தெரியாது. அந்தாளு பொஞ்சாதி எப்படிப்பட்டவளோ. பசின்னா வாயத் தொறந்து கேக்க மாட்டாளேடா எம்புள்ள."

இதெல்லாம் மூடத்தனம் என்று நல்லமுத்துவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தேதான் அவன் போய், குழுவின் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்துகொண்டான். ஏற்றி முடித்ததும், இறங்காமல் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டான். லொறி எங்கும் நிற்காமல் ஹட்டனுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் பாதையையும் நிற்காமல் தாண்டியது.

ஸ்டேசனில் கொழும்பு ரயில் நின்றுகொண்டிருந்தது. முதலாம் வகுப்புப் பெட்டியில் தலைவர் ஒரு பக்கமும், எதிரே உறுப்பினர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் ஓர் ஆசனம் காலியாக இருந்தது. நல்லமுத்து ஜன்னலண்டை வந்து நின்றான்.

"ஐயா."

"யார்? ஓ, விளக்குப் பராமரிப்பாளர்! வழியனுப்ப வந்தீரா?"

"ஐயா திரும்பிப் பாத்துட்டீங்க."

"படத்துக்காகத்தான்."

"தெரியும்ங்க. குத்தம் சொல்ல வரல. அவ உங்க கூட வந்துட்டாங்க. இனி ஒண்ணும் செய்ய முடியாது." அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அவ ரயில்ல ஏறினதில்லைங்க. கூட்டிட்டுப் போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்த ஜன்னலோரத்த மட்டும் அவளுக்கு விட்டுருங்க. வேற எதுவும் வேணாம்."

தலைவர் இரக்கமுள்ளவர். உடனே மறுத்துவிடவில்லை. எதிரே இருந்தவர்களைப் பார்த்தார்.

"இம்மாதிரிக் கோரிக்கையைக் குழுவுக்குத்தான் சமர்ப்பிக்க வேண்டும்" என்றார் நீர்க்காரர்.

"குழு இன்று காலையோடு கலைந்துவிட்டது" என்றார் நிலக்காரர். "ஆகவே சமர்ப்பிக்க முடியாது."

"அது சரி" என்றார் நீர்க்காரர். அந்தக் குழுவின் ஆயுளில் இருவரும் ஒத்துப்போனது கடற்கரைக் காற்றுக்குப் பிறகு இதில்தான்.

"கேட்டீரல்லவா" என்றார் தலைவர் மெதுவாக. காலியாக இருந்த ஆசனத்தை ஒரு கணம் பார்த்தார். என்ன தோன்றியதோ, சற்று நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு மேலே தட்டிலிருந்து ஆடிக்கொண்டிருந்த தொப்பிப் பெட்டியை இறக்கி, அந்த ஆசனத்தில் வைத்தார்.

"ஐயா, அது அவ எடம்ங்க."

விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது. நல்லமுத்து கம்பியை விடாமல் கூடவே நடந்தான். பிறகு ஓடினான். அவன் அந்த மூன்று பேரையும் பார்க்கவில்லை. தொப்பிப் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தைப் பார்த்துப் பேசினான்.

"ஒதுங்கி உக்காந்துக்க பூரணி. கையை வெளிய நீட்டாத. கொஞ்ச தூரம் போனா சுரங்கம் வரும், இருட்டிரும். பயப்படாத. வெளிச்சம் வந்துரும். நான் சொன்னேன்ல, வந்துரும்."

மேடை முடிந்தது. தலைவர் அதைத் தமக்கான வழியனுப்பு உரையாக ஏற்றுக்கொண்டு, ரயில் வளைவில் மறையும் வரை கை அசைத்துக்கொண்டே போனார்.